இடிக்காமலும் கட்டலாம்: ரங்கூனில் பழைய வீடு வைத்திருப்பவர்களுக்கு

போன மாதம் மட்டும் மூன்று பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். தாத்தா காலத்து வீடு இருக்கிறது, சுவரில் ஆலங்கன்று முளைத்திருக்கிறது, கன்ட்ராக்டர் ஒருவர் வந்து எட்டு மாடி கட்டித் தருகிறேன், பாதிக்குப் பாதி என்கிறார், கொடுத்துவிடலாமா? நான் இன்ஜினியர் இல்லை. அனவ்ரதா சாலைக்குப் பக்கத்துத் தெருவில் எங்கள் குடும்பத்துக்கு 25 அடி அகலம், 50 அடி ஆழத்தில் ஒரு மூன்று மாடி வீடு இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு பத்து வருடம் பட்ட பாட்டில் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எதையும் இடிக்கவே கூடாது என்கிற ஆள் இல்லை நான். மழைக்காலத்தில் மொட்டைமாடி ஒழுகி, பக்கெட் வைத்துத் தூங்கியவனுக்குப் பழமை மேல் அவ்வளவு காதல் வராது. ஆனால் நம்மூரில் நடப்பது என்னவென்றால், ஒன்று முழுசாக இடிக்கிறார்கள், இல்லாவிட்டால் முன் சுவரை மட்டும் வைத்துக்கொண்டு சிமெண்டைப் பூசி, மேலே இரண்டு மாடி ஏற்றி, பழையது போலவே ஒரு வளைவையும் நான்கு தூணையும் ஒட்டவைக்கிறார்கள். இந்த இரண்டாவது வகைதான் எனக்கு இன்னும் எரிச்சல். பழையதைப் பழைய முறையிலேயே பழுது பார்க்கவேண்டும், புதுசைக் கூசாமல் புதுசாகவே கட்டவேண்டும், இரண்டுக்கும் நடுவே கொஞ்சம் இடம் விடவேண்டும். நான் சொல்லவந்தது இவ்வளவுதான், மீதியெல்லாம் அதை எப்படிச் செய்வது என்பது.

காகிதம்

கொத்தனாரைத் தேடுவதற்கு முன்னால் பத்திரத்தைத் தேடுங்கள். மனை யார் பேரில், வாரிசு எத்தனை பேர், எத்தனை பேர் இங்கே, எத்தனை பேர் ஊரில். 1964இல் கடைகள் நாட்டுடைமையானபோது கப்பல் ஏறியவர்களின் காகிதம் காரைக்குடியில் யாரோ ஒரு பெரியம்மாவின் தகரப் பெட்டியில் கிடக்கலாம். அதை இப்போதே கேட்டு வாங்கிவிடுங்கள், அஸ்திவாரம் தோண்டின பிறகு வாரிசு ஒருத்தர் கிளம்பி வந்தால் வேலை நின்றுபோகும், கம்பி துருப்பிடிக்கும்.

அப்புறம், உங்கள் கட்டடம் மாநகராட்சியின் பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். 1996இல் போட்ட பட்டியலில் 189 கட்டடங்கள், பெரும்பாலும் அரசு அலுவலகங்கள், கோயில், பள்ளிவாசல், தேவாலயம். தனியார் வீடு அதில் இருக்க வாய்ப்பு குறைவு. பட்டியலில் இல்லையென்றால் இடிக்கலாம் என்று பலர் சந்தோஷப்படுகிறார்கள், அது வேறு விஷயம். 2015இல் வந்த பழஞ்சின்னச் சட்டம் நூறு வயது தாண்டிய கட்டுமானங்களைப் பற்றிப் பேசுகிறது, ஆகவே உங்கள் வீட்டு நெற்றியில் 1910 என்றோ 1922 என்றோ எழுதியிருந்தால் வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு மேலே போங்கள்.

ஒரு மழைக்காலம் பொறுங்கள்

இதைச் சொன்னால் யாருக்கும் பிடிப்பதில்லை. ஆனால் 100 அங்குலத்துக்கு மேல் மழை கொட்டுகிற ஊரில், வறண்ட பிப்ரவரியில் வந்து சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு எஸ்டிமேட் போடுகிறவரை நம்பாதீர்கள். ஜூலையில் நல்ல மழை பெய்யும்போது குடையோடு எதிர்ப்பக்க நடைபாதையில் நின்று உங்கள் வீட்டை அரை மணி நேரம் பாருங்கள். தண்ணீர் எங்கே வழிகிறது, எந்தக் குழாய் அடைத்திருக்கிறது, மூன்றாம் மாடிக்காரர் வைத்த ஏசி எந்தச் சுவரில் சொட்டுகிறது, பின்னால் இருக்கிற சாக்கடைச் சந்து நிரம்பி நம் சுவரில் ஏறுகிறதா. எங்கள் வீட்டில் பாதி விரிசலுக்குக் காரணம் வயதே இல்லை, உடைந்துபோன ஒரே ஒரு மழைநீர்க் குழாய்தான்.

விரிசலை அளப்பதற்குப் பழைய கொத்தனார் ஒருவர் சொல்லிக்கொடுத்த வழி இது. விரல் நீளத்துக்கு மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை விரிசலின் குறுக்கே வைத்து, இரண்டு முனையையும் சாந்தால் ஒட்டி, பக்கத்தில் பென்சிலால் தேதி எழுதிவிடுங்கள். மழைக்காலம் முடிந்தும் கண்ணாடி முழுசாக இருந்தால் அந்த விரிசல் பழைய காயம், அடைத்துவிட்டுப் போகலாம். உடைந்திருந்தால் சுவர் இன்னும் நகர்கிறது, அதற்கு மட்டும் இன்ஜினியரைக் கூப்பிடுங்கள். நாங்கள் 14 கண்ணாடி ஒட்டினோம், 2தான் உடைந்தது.

மரத்துக்கு ஒரு ஸ்க்ரூடிரைவர் போதும். செட்டிநாட்டு வீடுகளைத் தாங்குகிற பர்மா தேக்கு இங்கிருந்துதானே போனது, அதே தேக்குதான் உங்கள் மாடியின் உத்தரத்திலும் இருக்கலாம். நடு உத்தரம் நன்றாகவே இருக்கும். சுவருக்குள் போகிற முனையில் குத்திப் பாருங்கள், அங்கேதான் ஈரம் தங்கி இற்றுப்போகும். முனை ஓரடி போயிருந்தால் ஓரடியை மட்டும் வெட்டிப் புதுத் துண்டு சேர்க்கலாம் அல்லது இரும்புச் சட்டம் கொடுத்துத் தாங்கலாம். முழு உத்தரத்தையும் மாற்றித்தான் ஆகவேண்டும் என்கிறவர் உங்கள் பழைய தேக்கின் மேல் கண் வைத்திருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

சுண்ணாம்பு, சிமெண்டு, என் முட்டாள்தனம்

பழைய செங்கல் சுவர் தண்ணீரைக் குடிக்கும், வெயிலில் திருப்பி விட்டுவிடும். சுண்ணாம்புக் காரை அதற்கு வழிவிடும், சிமெண்டு விடாது. இது எனக்குத் தெரியாத காலத்தில், சல்லிசாகக் கிடைத்த ஓர் ஆளை வைத்துக் கீழ்த்தளம் முழுக்க சிமெண்டு பூசி மேலே பெயிண்டும் அடித்தேன். பார்க்கப் பளிச்சென்று இருந்தது. இரண்டு மழை போனது. மாடிப்படிக்குப் பக்கத்தில் சுவர் அப்பளம் மாதிரி உப்பியது. விரலால் தட்டினால் டொக் டொக் என்று வெற்றுச் சத்தம். ஒரு நாள் காலையில் கதவகலத்துக்குப் பெயர்ந்து விழுந்தது, அதோடு செங்கல்லின் முகமும் பொடியாகக் கூடவே வந்துவிட்டது. உள்ளே வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. ஈரம் வெளியே போக வழியில்லாமல் உப்போடு சிமெண்டுக்குப் பின்னாலேயே உட்கார்ந்துவிட்டது.

ஆகவே: நீற்றிய சுண்ணாம்பைத் தண்ணீருக்கடியில் குறைந்தது சில வாரம் ஊறவிடுங்கள், வெண்ணெய் மாதிரி ஆகவேண்டும். ஒன்றுக்கு மூன்று நல்ல மணல். பூசுவதற்கு முன்னால் சுவரை நனையுங்கள், பூசிய பிறகு ஈரச் சாக்கு தொங்கவிட்டுப் பல நாள் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மழை மாதத்தில் ஆரம்பிக்காதீர்கள், நவம்பர் சரியாக இருக்கும். கடுக்காய், வெல்லம் சேர்க்கலாமா என்று ஊர்க்காரர்கள் கேட்பார்கள், நம் பக்கத்துப் பழைய வழக்கம்தான், தெரிந்த கை இருந்தால் சேர்க்கட்டும், யூடியூப் பார்த்துச் செய்யவேண்டாம். மேலே சுண்ணாம்படி போதும், எனாமல் வேண்டாம்.

ஆலங்கன்றைப் பிடுங்காதீர்கள். வேர் செங்கல்லுக்குள் போயிருக்கும், இழுத்தால் சுவரும் கூடவே வரும். அடியோடு வெட்டி, வெட்டுவாயில் வேர்க்கொல்லி தடவி, செத்துக் காய்ந்த பிறகு ஓட்டையைச் சுண்ணாம்புச் சாந்தால் அடைக்கவேண்டும். வெறுமனே வெட்டினால் அடுத்த மழைக்கு இரண்டு கிளையாக வரும்.

லினோலியத்தைக் கிழித்துப் பார்க்காமல் தரையை உடைக்காதீர்கள். பன்சோடன் தெருவில் 1906இல் கட்டிய சோஃபேர் கட்டடத்தில் மான்செஸ்டரிலிருந்து வந்த தரை ஓடுகள் இன்னும் கிடக்கின்றன, இரும்பு உத்தரம் ஸ்காட்லாந்தின் லனார்க்‌ஷயரிலிருந்து வந்தது. நம் வீட்டில் அவ்வளவு இருக்காதுதான், ஆனாலும் எங்கள் வீட்டு லினோலியத்துக்கடியில் சிவப்பும் கறுப்புமாக ஒரு தாயக்கட்டம் போல ஓடு இருந்தது. எழுபது வயது அத்தைக்கே தெரியாது.

1,100 சதுர அடிக் கேள்வி

சரி, பணத்துக்கு வருவோம். 25க்கு 50 மனை என்றால் 1,250 சதுர அடி. முழுசாக இடித்து எட்டு மாடி கட்டினால் 10,000 சதுர அடி, கன்ட்ராக்டருக்குப் பாதி போக உங்களுக்கு 5,000.

இப்போது வேறு மாதிரி போட்டுப் பாருங்கள். தெருப்பக்கம் 20 அடி ஆழத்துக்குப் பழைய வீட்டை அப்படியே வையுங்கள், மூன்று தளம், 1,500 சதுர அடி. அதற்குப் பின்னால் 6 அடி திறந்த முற்றம். அதற்கும் பின்னால் 24 அடி ஆழத்தில் எட்டு மாடி, தளத்துக்கு 600, மொத்தம் 4,800. கன்ட்ராக்டர் புதுசில் மட்டும் பாதி எடுத்துக்கொண்டால் உங்களுக்கு 2,400, பழையது 1,500, ஆகமொத்தம் 3,900. இடித்தால் வருவதைவிட 1,100 சதுர அடி குறைவு. படி, லிப்ட், அதுஇது என்று இரண்டு கணக்கிலும் இன்னும் கொஞ்சம் போகும், பழைய பகுதியைப் பழுது பார்க்கிற செலவும் உங்கள் தலையில்தான். இது காகிதக் கணக்கு, மாநகராட்சி எவ்வளவு உயரத்துக்கு அனுமதி தரும் என்பது தெருவைப் பொறுத்தது.

குடும்பத்தில் எல்லாரையும் உட்காரவைத்து இந்த 1,100ஐப் பற்றித்தான் பேசவேண்டும். பாரம்பரியம், பெருமை என்று ஆரம்பித்தால் மச்சான் எழுந்து போய்விடுவார். 14 அடி உயரக் கூரையும் தேக்குப் படியும் உள்ள தரைத்தளத்துக்கு ஒரு காபிக்கடையோ துணிக்கடையோ என்ன வாடகை தரும், அதே அளவு புதுத் தளத்துக்கு என்ன வாடகை வரும் என்று நாலு இடத்தில் விசாரித்து எழுதிக்கொண்டு போங்கள். சில தெருக்களில் பழைய முகப்புக்குக் கூடுதல் வாடகை கிடைக்கிறது, சில தெருக்களில் கிடைக்காது. கிடைக்காத தெருவில், வாரிசு பன்னிரண்டு பேர் என்றால், இடிப்பவர்களை நான் குறை சொல்லமாட்டேன்.

சொந்தக் காசும் இல்லை, கன்ட்ராக்டரும் வேண்டாம் என்பவர்களுக்கு இன்னொரு வழி இருந்தது. தோ எய்ன் என்ற நிறுவனம் பழுது பார்க்கிற செலவைத் தானே முதலில் போட்டு, பிறகு வாடகையில் கழித்துக்கொள்ளும் முறையில் தனியார் வீடுகளை எடுத்துச் செய்தது, சாக்கடைச் சந்துகளைத் தோட்டமாகவும் மாற்றியது. இதே ஏற்பாட்டைத் தெரிந்தவர் ஒருவரோடு எழுத்தில் போட்டுக்கொண்டு நீங்களும் செய்யலாம், வருடக் கணக்கையும் பழுது பட்டியலையும் ஒப்பந்தத்திலேயே சேர்த்துவிடுங்கள்.

நடுவில் விடும் இடம்

பழைய வீடு செங்கல் சுவரின் மேல் நிற்கிறது, அஸ்திவாரம் ஆழமில்லை. டவுன் பகுதியின் பெரும்பகுதி ஒரு காலத்தில் சதுப்பு, 1852க்குப் பிறகு வெள்ளைக்காரன் மேடாக்கிக் கட்டம் போட்ட நிலம். புதுக் கட்டடம் கான்கிரீட், மண்ணுக்குள் ஆழமாக இறங்கும் பைல் தூண்கள். இரண்டும் ஒரே வேகத்தில் இறங்காது, பூகம்பத்தில் ஒரே மாதிரி ஆடவும் ஆடாது. சேர்த்துக் கட்டினால் விரிசல் பழைய சுவரில்தான் விழும். 1930 பெகு பூகம்பத்தில்தான் செக்ரடேரியட்டின், அதாவது வெள்ளைக்காரன் காலத்துத் தலைமைச் செயலகத்தின், நடுக் குவிமாடம் போயிற்று, பூகம்பம் கிளம்புகிற சகாயிங் நிலப்பிளவு நமக்கு ரொம்பத் தூரத்தில் இல்லை, 2025 மார்ச்சில் மண்டலே பட்டதைப் பார்த்தோம்.

முற்றம் விட முடியாமல் ஒட்டிக் கட்டவேண்டி வந்தால்கூட இடைவெளி வேண்டும். எத்தனை அங்குலம் என்பதை உயரத்தை வைத்து இன்ஜினியர் கணக்குப் போடட்டும். அந்த இடைவெளியை மேலே தகடோ ரப்பர் பட்டையோ போட்டு மூடலாம், ஆனால் வேலையாட்கள் சாயங்காலம் மிச்சமான கலவையை அதற்குள் கொட்டிவிட்டுப் போவார்கள். தினமும் டார்ச் அடித்துப் பாருங்கள். ஒரு கூடை கலவை விழுந்தாலும் இடைவெளி விட்ட காரியமே வீண்.

பைலை அடித்து இறக்க விடாதீர்கள், துளையிட்டு ஊற்றுகிற முறையையே கேளுங்கள். அஸ்திவாரக் குழியில் இரவும் பகலும் பம்பு போட்டு நிலத்தடி நீரை இறைத்தால் பக்கத்து வீட்டு மண்ணும் சேர்ந்து இறங்கும், உங்கள் பழைய வீடு மட்டுமல்ல, பக்கத்து சீனத்து அண்ணாச்சியின் வீடும்தான். ஆரம்பிப்பதற்கு முன்னால் இரண்டு பக்கத்து வீட்டுச் சுவர்களையும் அவர்களையே கூடவைத்துக்கொண்டு போட்டோ எடுத்துவிடுங்கள்.

புதுசு எவ்வளவு துணிச்சலாக இருக்கலாம்?

எவ்வளவு வேண்டுமானாலும். இதில் பழமை விரும்பிகளோடு எனக்குச் சண்டை. மாநகராட்சி மண்டபத்தை எடுத்துக்கொள்ளுங்கள், 1936இல் கட்டி முடித்தது. வெள்ளைக்காரன் ஊரின் நடுவில், சூலே பகோடாவுக்கு எதிரே, சித்து ஊ டின் என்ற பர்மியக் கட்டடக்கலைஞர் அடுக்குக் கூரையையும் நாகங்களையும் கொண்டுவந்து வைத்தார். அன்றைக்கு அது எவ்வளவு பெரிய துணிச்சல். சுதந்திரத்துக்குப் பிறகு பெஞ்சமின் போல்க் என்ற அமெரிக்கர் கபா ஏ பகோடா பக்கத்தில் கட்டிய பிடக நூலகம் எந்தப் பழைய கட்டடத்தையும் காப்பியடிக்கவில்லை, ஆனாலும் வேறெந்த ஊரிலும் அது இருக்கமுடியாது. இன்றைக்கு அவை இரண்டுமே நாம் காப்பாற்றவேண்டிய பழைய கட்டடங்கள்.

துணிச்சல் எங்கே கூடாது என்பதும் இந்த ஊருக்குத் தெரியும். ஷ்வேடகோன் பகோடா அருகில் வரவிருந்த டகோன் சிட்டி என்ற பெரிய கட்டடத் திட்டத்தை 2015இல் எதிர்ப்புக்குப் பிறகு ரத்து செய்தார்கள். கண்ணாடிக் கோபுரங்களில் எனக்குக் கோபம் வேறு. கரண்ட் போய்ப் போய் வருகிற ஊரில், மேற்குப் பார்த்த கண்ணாடிச் சுவர் ஏப்ரல் மாதத்தில் தோசைக்கல்தான். புதுசுக்குப் பழையதிடமிருந்து எடுக்கவேண்டியது வளைவும் தூணும் இல்லை, ஆழமான வராந்தா, சாய்பலகைக் கதவு, ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போகிற காற்று. அதை அலுமினியத்தில் செய்யுங்கள், மூங்கிலில் செய்யுங்கள், ஆரஞ்சு வண்ணம்கூட அடியுங்கள்.

உயரத்துக்கு ஒரு சோதனை. எதிர்ப்பக்க நடைபாதையில் நின்று, உங்கள் கண் மட்டத்திலிருந்து பழைய வீட்டின் கைப்பிடிச் சுவர் உச்சி வழியாக ஒரு கோடு போவதாக வரைபடத்தில் போடச் சொல்லுங்கள். பின்னால் வரும் மாடிகள் அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்தால் தெருவில் நடக்கிறவர் கண்ணுக்கே படாது. நம் தெருக்கள் குறுகல் என்பதால் இது பல இடங்களில் நடக்கும். கோட்டுக்கு மேலே போனாலும் குடி முழுகிப் போகாது, ஆனால் தெரிகிற பகுதியை யோசித்துச் செய்யுங்கள், தண்ணீர்த் தொட்டியையும் ஜெனரேட்டரையும் அங்கே தள்ளாதீர்கள்.

குடியிருப்பவர்கள்

கோயில் திருப்பணியில் முதல் வேலை என்ன? பாலாலயம். சாமியை வேறிடத்தில் எழுந்தருளச் செய்துவிட்டுத்தான் கொத்தனார் உளியைத் தொடுவார். 1871இல் நம்மவர்கள் கட்டிய காளி கோயிலானாலும் இதுதான் முறை. சாமிக்குச் செய்வதை மூன்றாம் மாடியில் நாற்பது வருடமாக இருக்கிற குடும்பத்துக்குச் செய்யாமல், ஒரு மாதம் டைம் தருகிறேன் என்பது என்ன நியாயம்? 1960ஆம் ஆண்டு நகர்ப்புற வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் காலத்திலிருந்து சொற்ப வாடகையில் இருப்பவர்கள் உண்டு, நியாயமோ இல்லையோ, கோர்ட்டுக்குப் போனால் உங்கள் வேலைதான் நிற்கும். மெர்ச்சன்ட் சாலையில் டர்காய்ஸ் மவுண்டன் அமைப்பு ஒரு பழைய குடியிருப்பை, அதிலிருந்த குடும்பங்களை வெளியே தள்ளாமலே பழுது பார்த்துக் காட்டியது. பின்கட்டை முதலில் கட்டி, முன்னால் இருப்பவர்களை அங்கே மாற்றி, பிறகு முன்கட்டைத் தொடலாம். முற்றம் விட்ட கணக்கில் இது ஒரு வசதி. நாங்கள் அப்படித்தான் செய்தோம், எட்டு மாதம் கூடுதலாக ஆயிற்று.

கடைசியாக ஒரு சின்ன விஷயம். முகப்புக்குச் சாரம் கட்டும்போது ஒவ்வொரு மாடியிலிருந்தும் தொங்குகிற கயிறுகளை அறுத்துப் போட்டுவிடுவார்கள். அதில்தான் கிளிப்பை மாட்டி மேலே மணி அடிக்கிறோம், பேப்பரும் பலகாரமும் ஏறுகின்றன. எங்கள் வீட்டில் அறுத்த அன்றைக்கு மூன்றாம் மாடி அம்மாவுக்குக் காலைப் பலகாரமான மொஹிங்கா, நம்மூர் மீன் குழம்பு நூடுல்ஸ், போகவில்லை, அவர் என்னோடு ஒரு வாரம் பேசவில்லை. சாரத்தோடு சேர்த்து ஆளுக்கொரு கயிறு கட்டிக் கொடுத்துவிடுங்கள்.